சேராத நோன்புகள்

ரஜபு பிறை 4, வியாழன்

இன்று நோன்பு திறந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான் (களா, அதாவது விட்டுப்போனதைத் திருப்பிப் பிடிக்கும் நோன்பு), என் மூத்த சகோதரி ஹாஜரா லாத்தா (அவருக்கும் களா), எதிர்வீட்டு பல்கீஸ் (வியாழக்கிழமைச் சுன்னத்து நோன்பு, கட்டாயமில்லாதது), என் மகள் ஜுலைஹா (நோன்பு இல்லை, கல்லூரியிலிருந்து வந்த பசி மட்டும்). ஆக நான்கு பேர். ஆண்கள் யாரும் இல்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்தேன். கீழ்வரிசை முன்பல் ஒன்று பழத்தோடு சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. வலி இல்லை. கொட்டையைத் துப்பினால் சிவப்பாக இருந்தது. கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நான் பேச வாயைத் திறந்ததும் பல்கீஸ் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கஞ்சிச் சட்டியின் சூடு அவள் மேல் பட்டிருக்கும்.

அஸருக்கு, அதாவது மாலைத் தொழுகைக்கு, முன்பே வாயில் இரத்தச் சுவை இருந்தது. ஆகவே இன்றைய நோன்பு சேராது.

நோன்பு நோட்டின்படி நிலவரம். போன ரமழான் முடிந்தபோது என்மேல் இருந்த களா 41. அதற்குப் பிறகு இன்றுவரை பிடித்தது 60. அதில் இரத்தம் கண்டது 42. சேர்ந்தது 18. மீதி 23. அடுத்த ரமழானுக்குள் முடித்தாக வேண்டும். இன்றையும் சேர்த்து 56 நாள் இருக்கிறது. பத்துக்கு மூன்றுதான் தேறுகிறது என்று வைத்தால், ஒருநாள் விடாமல் பிடித்தாலும் பதினேழு வரும். ஆறு குறையும்.

இரத்தம் கலந்த எச்சில் தொண்டையில் இறங்கினால் நோன்பு முறியும் என்று கிதாபில், மார்க்க நூலில், படித்திருக்கிறேன். இறங்கியதா இல்லையா என்று நான் என்னோடு வாதாடுவதில்லை. சுவை தெரிந்தால் அந்த நாளைச் சேர்ப்பதில்லை. சந்தேகத்தை எனக்குச் சாதகமாக எழுதிப் பழக்கமில்லை.

ரஜபு பிறை 6, சனி

நோன்பு பிடித்தேன். இரத்தம். சேராது.

அரிசி இடித்துச் சலித்தேன். மூன்று படி மாவு. அரிவாள்மனையில் கீறிய சுட்டுவிரல் இன்னும் ஆறவில்லை, இன்றோடு இருபத்திரண்டு நாள். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

இரவில் மூன்று தடவை விழிப்பு வந்துவிடுகிறது. ஒன்றுக்குப் போய்விட்டு, கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன். தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழ வேண்டுமென்று எத்தனையோ பேர் அலாரம் வைத்துத் தவிக்கிறார்கள். எனக்கு அல்லாஹ் அலாரம் இல்லாமலே எழுப்பித் தருகிறான். எல்லாப் புகழும் அவனுக்கே.

பல்கீஸ் முடுக்குச் சந்து வழியாக வந்து, நோன்பு நாளில் பேஸ்ட் போட்டுப் பல் தேய்க்கலாமா என்று கேட்டாள். இந்த முடுக்கில் உள்ள பெண்கள் இப்படி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் மதரஸாவில் ஓதியவள் இல்லை. எட்டாவதோடு நின்றவள். ஆனால் வீட்டில் இருந்த கிதாபுகளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி நானே படித்தேன். அதனால் ஒரு மரியாதை.

நண்பகல் திரும்பிய பிறகு நோன்பாளி பல்குச்சி பயன்படுத்துவது மக்ரூஹ், வெறுக்கத்தக்கது என்பது நம் மத்ஹபின் சட்டம். அதை அவளிடம் சொன்னேன். என் வழக்கத்தையும் சொன்னேன். காலையில் தேய்த்தால் ஈறு கசிந்து, கசிவு பகலுக்குள் வரும். ஆகவே காலையிலும் தேய்ப்பதில்லை. சஹரில், விடியுமுன் சாப்பிடும் நேரத்தில், தேய்த்தாலும் அதே பயம். ஆகவே சஹரிலும் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிப்பதோடு சரி. நோன்பு திறந்த பிறகு தேய்க்கலாம்தான். அதற்குள் கண் சொருகிவிடும். நோன்பில்லாத நாளில் ஆள்காட்டி விரலால் பல்பொடி தொட்டு, ஈறில் படாமல் தேய்க்கிறேன். ஹாஜரா லாத்தாவுக்கும் மூன்று வருடத்துக்கு முன் இதையேதான் சொன்னேன்.

பல்கீஸ், இரத்தம் வந்தால் திருப்பிப் பிடிக்கணுமா மாமி என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கும் ஆறு நாள் இருக்கிறதாம்.

ரஜபு பிறை 8, திங்கள்

நோன்பு. லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, முன்பே இரத்தம். சேராது.

ரஜபு பிறை 9, செவ்வாய்

ஜுலைஹா கைக்குட்டையைத் துவைக்கப் போட்டபோது பார்த்துவிட்டாள். உடனே பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். லாத்தா கேட்டுக்கொண்டே வந்தார். போகவே கூடாது என்பது அவர் கட்சி.

"க்ளீன் பண்றேன்னு கம்பிய விட்டுக் கிண்டுவாஹ புள்ளே. நல்லா நிக்கிற பல்லும் ஆட ஆரம்பிச்சிரும். அப்படிப் பயந்துதான் நான் போவவே இல்ல."

ஜுலைஹா சிரித்துவிட்டாள். "போகாமலே உங்களுக்குப் பதினேழு பல் போயிட்டே, பெரியம்மா."

"அது வயசு."

லாத்தாவுக்கு ஐம்பத்தொன்று. என்னைவிட ஐந்து வயது கூட.

நான் யோசித்துப் பார்த்தேன். ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதம் முடியும்வரை இந்தக் கசிவு நிற்க ஏதாவது ஊசியோ மருந்தோ இருந்தால், ஐம்பது நாளில் இருபத்துமூன்றை முடித்துவிடலாம். அதற்காகப் போகலாம். பல்லுக்காக இல்லை. சனிக்கிழமை போவோம் என்றேன்.

ஜுலைஹா வாப்பா, என் வீட்டுக்காரர், சென்னையிலிருந்து போன் செய்தார்கள். மண்ணடிக் கடையில் வியாபாரம் மந்தமாம். பராஅத்துக்கு, ஷஃபான் பதினைந்தாம் இரவுக்கு, வருவார்களாம். மாடி அறையைத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். இரண்டு வருடமாக ஊருக்கு வந்தால் காற்றுக்காக மாடியில்தான் படுக்கிறார்கள். நான் கீழே.

ரஜபு பிறை 13, சனி

ஆறுமுகநேரியில் பல் டாக்டர் வீடும் மருத்துவமனையும் ஒன்றாகவே இருக்கிறது. பெயர் ஞானசெல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும். பெண் டாக்டர் என்பதால் முகத்தை மூடும் நிகாபை எடுப்பதில் சிரமம் இல்லை. எடுத்துவிட்டு வாயைத் திறந்தேன். மூன்று வருடத்தில் வேறொருவர் முகத்துக்கு அவ்வளவு அருகில் நான் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. டாக்டர் முகத்தைத் திருப்பவில்லை. அதை எழுதிவைக்கிறேன்.

மெல்லிய கம்பி ஒன்று. அதில் கோடு கோடாக மில்லிமீட்டர் அளவு. அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிறார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். டாக்டர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள். மூணு, ரெண்டு, நாலு. ஆறு, அஞ்சு, ஏழு. இருபத்தெட்டுப் பல்லுக்கு நூற்று அறுபத்தெட்டு எண். வாயைத் திறந்தபடியே நானும் மனதில் கணக்கு வைத்துக்கொண்டேன். எழுந்ததும், ஏழு பதினொரு இடத்தில் சொன்னீங்க, ஆறு பத்தொன்பது இடத்தில் என்றேன். டாக்டர் நர்ஸின் தாளை வாங்கி எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"என்னக்கா, நீங்க பேங்க்ல வேலை பாத்தீங்களா?"

வீட்டில்தான் வேலை என்றேன்.

மூன்று வரை நல்ல ஈறாம். நாலிலிருந்து நோயாம். டாக்டர் தன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். "ஈறு, பல்லைச் சுத்தி இந்தக் காலர் மாதிரி இறுக்கி நிக்கணும். உங்களுக்குப் பை மாதிரி தொங்கிட்டு. தினமும் பல்மேல பிசுபிசுன்னு ஒரு படலம் படியும். தேய்ச்சா போயிரும். தேய்க்காம விட்டா இறுகிக் காரையாயிரும். பைக்குள்ள இறங்கின காரைய பிரஷ்ஷால எடுக்க முடியாது. நாங்கதான் சுரண்டி எடுக்கணும். அந்தப் புண்ணுதான் ரத்தமா வருது."

வலிக்கவே இல்லையே என்றேன்.

"வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க. வலிக்காம எலும்பத் தின்னுரும். அதான் இந்த நோயோட கெட்ட குணம்."

எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு, கடல் வாங்கிய கரைபோலக் கீழே இறங்கிக் கிடந்தது. இறங்கிய எலும்பு திரும்பி வராதாம். மேற்கொண்டு இறங்காமல் நிறுத்தலாமாம். சுத்தம் செய்தால் பல் ஆடுமா என்று லாத்தாவின் கேள்வியைக் கேட்டேன். ஆடுகிற பல்லைக் காரை ஒட்டவைத்திருக்கும், அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரியும், அவ்வளவுதான் என்றார்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஐம்பது நாளைக்கு இரத்தம் நிற்க ஒரு ஊசி. அப்படி ஒரு ஊசி இல்லக்கா என்றார் டாக்டர். வாயை நாலு பாகமாகப் பிரித்து வாரம் ஒரு பாகம் சுத்தம் செய்வாராம். மீதி என் கையில்தானாம். மெல்லிய பிரஷ், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். பல் இடுக்குக்குத் தனியாகப் பாட்டில் கழுவும் பிரஷ் போல ஒன்று, அதைவிட நூறு மடங்கு சின்னது. முதல் ஒரு வாரம் தேய்க்கும்போது இரத்தம் கூடத்தான் வருமாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினால் கூடிக்கொண்டே போகுமாம்.

"எத்தனை தடவை?"

"இருபத்துநாலு மணி நேரத்துல ரெண்டு தடவை. எந்த ரெண்டுன்னு நீங்களே வச்சுக்கோங்க."

போகும்போது என் சுட்டுவிரல் கட்டைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள் என்றும் கேட்டார். இதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்கு ஆச்சரியம். தஹஜ்ஜுத்துக்காக என்று சொன்னேன். சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றுக்கொன்று கை கொடுக்குமாம்.

ரஜபு பிறை 14, ஞாயிறு

நோன்பில்லை. காலையில் தேய்த்தேன். இரத்தம்.

எந்த இரண்டு என்று யோசித்தேன். சஹர் முடிவதற்கு முன் ஒன்று. இரவு படுக்குமுன் ஒன்று. இரண்டும் நோன்புக்கு வெளியே இருக்கின்றன. கிதாபுகளை எடுத்து அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன். எந்த வரியும் இதைத் தடுக்கவில்லை.

லுஹருக்குப் பிறகு நோன்பு நோட்டை எடுத்துப் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன். தேய்த்தது, தேய்க்காதது. நோன்பு நாளெல்லாம் தேய்க்காதது என்பதால் நிரப்புவது சுலபமாக இருந்தது. போன ஷவ்வாலில், நோன்புப் பெருநாளிலிருந்து ஒன்பது நாள் நோன்பில்லை. விருந்துகளுக்குப் போகவேண்டியிருந்ததால் இரண்டு வேளையும் தேய்த்திருக்கிறேன், பிரஷ்ஷால். அதற்கு அடுத்துப் பிடித்த நோன்பில் ஐந்து சுத்தம். ஆறாவதில் இரத்தம். பிறகு வரிசையாக இரத்தம். சேர்ந்த பதினெட்டில் பதினாறு, ஒரு வாரமாவது நோன்பில்லாமல் இருந்த பிறகு பிடித்தவை.

இரத்தம் வந்ததால் திருப்பிப் பிடித்தேன். பிடித்ததால் தேய்க்கவில்லை. தேய்க்காததால்

கூட்டிப் பார்த்தேன். கழித்துப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போனேன்.

ரஜபு பிறை 15, திங்கள்

இரத்தம் எடுத்துக் கொடுத்தேன். காலையில் எதுவும் சாப்பிடாமல் வரவேண்டும், உங்களால் முடியுமா என்று பரிசோதனைக்கூடத்துப் பெண் சனிக்கிழமையே கேட்டிருந்தாள். முடியும் என்றேன். ஜுலைஹா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ரஜபு பிறை 16, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. இன்று சாளை மீன் நன்றாக இருந்தது. பாதி குழம்பு, பாதி பொரியல்.

ரஜபு பிறை 17, புதன்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன். சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி எட்டு. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். பெரிய டாக்டரிடம் போனோம். காலையும் மாலையும் மாத்திரை. சோற்றைக் குறைக்க வேண்டும். மூன்று வேளை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சர்க்கரை இறங்கும்வரை நோன்பு கூடாது. ரமழானைப் பற்றி ஷஃபான் கடைசியில் பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

இருபத்துமூன்று இருக்கிறதே டாக்டர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எது இருபத்துமூன்று என்றார். ஜுலைஹா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

இரவு விழிப்பைப் பற்றி டாக்டர் சொன்னதை எழுதவில்லை. எழுந்தால் தொழத்தான் போகிறேன். எதனால் எழுந்தால் என்ன.

ரஜபு பிறை 20, சனி

வலதுபக்கம் மேலே சுத்தம் செய்தார். மரக்க ஊசி போட்டார். சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்கிறது, தேங்காய் திருகும்போது கேட்பதுபோல. துணியில் துடைத்துக் காட்டினார். கருப்பாகச் சின்னச் சின்னச் சில்லு. இதை வாயில் வைத்துக்கொண்டுதான் ஓதியிருக்கிறேன்.

இரத்தம் எந்தெந்த நாளில் வரும் என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து படித்தார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார். களா என்றால் என்ன, சேராது என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். கடைசியில் நான் புதிதாகக் கோடு போட்ட பத்தியில் விரலை வைத்தார்.

"இத நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?"

தலையாட்டினேன்.

"நோன்பப் பத்தி நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். அது உங்க பள்ளிவாசல் ஹழ்ரத்துகிட்ட கேக்க வேண்டியது. தேய்க்காத நாளப் பத்தித்தான் நான் சொல்ல முடியும். அத நீங்களே எழுதிட்டீங்க." நோட்டை மூடிக் கொடுத்தார். பிறகு, யாரிடமாவது கேட்டீர்களா என்றார்.

உதடு மரத்திருந்தது. பேச முடியவில்லை என்று கையைக் காட்டினேன்.

ரஜபு பிறை 25, வியாழன்

பிரஷ்ஷில் இரத்தம்: ஞாயிறு நிறைய. திங்கள் நிறைய. செவ்வாய் கொஞ்சம். புதன் கொஞ்சம். இன்று வலது மேல்பக்கம் இல்லை. மற்ற மூன்று பக்கமும் உண்டு.

லாத்தா இன்றும் நோன்பு. அவருக்கு இன்னும் முப்பத்தொன்று பாக்கி. வாய் காய்ந்து உட்கார்ந்திருந்தார். சஹருக்கு முன்னாலும் படுக்கும் முன்னாலும் பல் தேய்க்கச் சொன்னேன். அவர் சிரித்தார். இருக்கிறதே பதினொன்று, அதுக்கு ரெண்டு வேளையா என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் வேண்டாமென்றாயே என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன்.

ரஜபு பிறை 27, சனி

இரண்டாம் பாகம் முடிந்தது. இடது மேல்.

ஷஃபான் பிறை 4, சனி

மூன்றாம் பாகம், வலது கீழ். அதோடு ஆடிக்கொண்டிருந்த கீழ் முன்பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பிடிக்க எலும்பே இல்லையாம். கடைவாய்ப் பற்கள் பிழைத்துக்கொள்ளும் என்றார். பல்லைக் கேட்டு வாங்கி வந்து கிணற்றடியில் புதைத்தேன். இனி இருபத்தேழு.

ஷஃபான் பிறை 6, திங்கள்

சஹருக்கு எழுந்தேன். மாத்திரை போடவில்லை. தேய்த்தேன், இரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இப்படி ஒரு வாய் கிடைத்திருக்கும்போது ஒரு நோன்பைப் பிடித்துப் பார்க்காமல் விட மனமில்லை. நோன்பு பிடிப்பதாக நிய்யத்து வைத்தேன். மீதி 23, பிடித்தால் 22.

எட்டு மணிக்கு ஜுலைஹா கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் இடியப்பத் தட்டையும் மாத்திரையையும் என் முன்னால் வைத்தாள். பசியில்லை என்றேன். அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"நோன்பா உம்மா?"

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"டாக்டர் கூடாதுன்னு சொன்னாஹ. நோயாளிக்கு அல்லாஹ்வே தள்ளி வைக்கச் சொல்றான். நீங்கதான் எனக்கு ஓதிக் குடுத்தீங்க. இப்ப நீங்க புடிக்கிறது அல்லாஹ்வுக்கா, இந்த நோட்டுக்கா?"

இருபது வயதுப் பிள்ளை. அடிப்பேன் என்று நினைத்திருப்பாள். பஸ் போய்விடும், போ என்றேன். போகமாட்டேன் என்றாள்.

இடியப்பம் மூன்று. மாத்திரை ஒன்று. அவளுக்கு முதல் வகுப்பு தவறிவிட்டது.

மீதி 23.

ஷஃபான் பிறை 11, சனி

நாலாம் பாகமும் முடிந்தது. இப்போது எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். இப்போது அளக்கக் கூடாதாம், ஈறு ஒட்டுவதற்கு இரண்டு மாதமாவது விட வேண்டுமாம். கணக்குப் பார்க்க அவசரப்படாதீங்கக்கா என்றார். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க வர வேண்டும். இது ஒரு தடவை வைத்தியம் பார்த்து முடிகிற நோய் இல்லையாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. ஆரம்பத்தில் 236. விரல் புண் ஆறிவிட்டது.

ஷஃபான் பிறை 15, புதன்

நேற்று மாலை ஜுலைஹா வாப்பா வந்தார்கள். பராஅத்துக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று தடவை ஓதினோம். ஓதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பல் இல்லாததைப் பார்த்து, கட்டிக்கொள்ளலாமே என்றார்கள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மாடியில் மின்விசிறி ஓடவில்லை என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே வந்து படுத்துக்கொண்டார்கள். இன்று காலை மாடியைப் பெருக்கப் போனபோது சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது.

ஷஃபான் பிறை 18, சனி

பல்கீஸ் இன்று நோன்பு. அஸருக்குப் பிறகு வந்து முடுக்கில் நின்றபடியே சொன்னாள். "எனக்கும் ஈறுல ரத்தம் வருது மாமி. இன்னையோட எட்டு ஆயிட்டு. இத எப்ப நான் முடிக்க?"

அவளுக்கு வயது இருபத்தாறு. கைப்பிள்ளை இருக்கிறது. போன மாதம் ஆறு; இரத்தம் கண்ட இரண்டு சுன்னத்து நோன்பையும் கடனாக ஏற்றிக்கொண்டதில் இந்த மாதம் எட்டு. எனக்கு எப்படி ஏறியதோ அப்படியே ஏறுகிறது.

இன்று இரவிலிருந்து தேய், சஹரிலும் தேய், நான் முன்பு சொன்னதை விட்டுவிடு, ஆறுமுகநேரிக்கு ஒருநாள் என்னோடு வா என்றேன். சரி மாமி என்றாள். அப்படியென்றால் இந்த எட்டு என்றாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இந்த முடுக்கில் யாரிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை. இதற்கு முன் எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் அன்று கேட்டதற்கு இன்று பதில் எழுதுகிறேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என் வாயில் இரத்தம் வருகிறது, நாற்றம் வருகிறது என்று ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பதிலுக்கு நோன்பாகப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஷஃபான் பிறை 20, திங்கள்

ருகையா ஆலிமாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல். அவள் ஏழு வருடம் ஓதிப் பட்டம் வாங்கியவள். தெருக்கோடியில்தான் வீடு. ஹழ்ரத்திடம் பெண்கள் கேட்க வேண்டியதை அவள்தான் கேட்டு வாங்கித் தருகிறாள். நேரில் போனால் வேறெதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன் என்பதால் எழுதி, ஜுலைஹா கையில் கொடுத்துவிட்டேன்.

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் ஈறில் மூன்று வருடமாக நோயிருந்து இரத்தம் கசிந்தது. நோன்பு நாளில் இரத்தச் சுவை தெரிந்தபோதெல்லாம் நோன்பு முறிந்தது என்று நானாக முடிவு செய்து, அதைத் திருப்பிப் பிடித்தேன். வேண்டுமென்று ஒருநாளும் விழுங்கவில்லை. தெரிந்தவரை துப்பியிருக்கிறேன். ஓயாமல் கசிந்ததால் எச்சிலோடு இறங்கியும் இருக்கலாம். இப்படி நான் சேர்க்காத நோன்பு மூன்று வருடத்தில் நூற்றுப் பதினான்கு. நாள்வாரியாக எழுதிய நோட்டு இருக்கிறது. தேவையென்றால் அனுப்புகிறேன். இன்று என் கணக்கில் நிற்பது 23. இப்போது எனக்குச் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்து, டாக்டர் நோன்பு கூடாது என்கிறார்.

நோன்பு நாளில் பல் தேய்ப்பதே கூடாது என்று நான் நடந்துகொண்டேன். நண்பகலுக்குப் பிறகு மக்ரூஹ் என்பது மட்டும்தான் கிதாபில் இருந்தது. மீதியை நான் சேர்த்தேன். நோய் முற்றியது அதனால்தான் என்று பல் டாக்டரின் பேச்சிலிருந்தும் என் நோட்டிலிருந்தும் விளங்கிக்கொண்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நோயால் தானாகக் கசிந்த இரத்தத்துக்காக நான் தள்ளிவைத்த நோன்புகள் உண்மையில் கடனா, இல்லையா? கடன் என்றால் உடம்பு தேறியதும் பிடிப்பேன், அதற்குரிய பரிகாரத்தையும் சொல்லுங்கள். கடன் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இத்தனை நாளும் வீணா என்று நான் வருத்தப்படுவேன் என நினைத்து மென்று எழுத வேண்டாம்.

இது எனக்கு மட்டுமான கேள்வி இல்லை. என் சொல்லைக் கேட்டு என் சகோதரி ஹாஜரா முப்பதுக்கும் மேல் பாக்கி வைத்துக்கொண்டு நாள்தோறும் பிடிக்கிறார். எதிர்வீட்டு பல்கீஸ் எட்டு வைத்திருக்கிறாள். போன தடவை கேட்காமல் சொன்னேன். இந்தத் தடவை கேட்காமல் சொல்லமாட்டேன். பதில் வந்ததும் இருவரிடமும் நானே போய், தவறு என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ரமழானுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. லாத்தா நாளைக்கும் சஹருக்கு எழுவார். அதற்குள் முடியாவிட்டாலும், வியாழக்கிழமைக்குள் பதில் எழுதி அனுப்புங்கள்.

மரியம் நாச்சி